கதவின் உள்மூலை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

இங்கு நலம். அங்கே தாங்களும் பிள்ளைகளும் நலம் என்பதைத் தங்கச்சி வாரம் தவறாமல் போனில் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். எழுத வைத்தவளும் அவள்தான். "போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே கத்த ஆரம்பிச்சுடுவே. பேசாம எழுதிப் போடு" என்றாள். காரியமாகத்தான் எழுதுகிறேன், உறவு கொண்டாட அல்ல.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு நீராவிக் கிருமிநீக்கப் பெட்டிகள் செய்வது தங்களுக்குத் தெரியும். அறுவைக் கத்திகளையும் துணிகளையும் உள்ளே அடுக்கி, கனத்த எஃகுக் கதவைப் பூட்டி, நீராவியை ஏற்றுவார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு கதவின் உள்மூலையில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. பெட்டியை இயக்கும் பெண் கதவை அடித்துச் சாத்தியதால் வந்த விரிசல் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் அறிக்கை வந்த பிறகு அவளை என்ன செய்வது என்று முடிவெடுப்பார்களாம். கதவில் பழுதில்லை, கையாண்ட விதத்தில்தான் பழுது என்று கணிப்பொறியில் போட்டுக் காட்ட வேண்டும். கதவை வடிவமைத்தவன் நான் என்பதால் அந்த வேலையும் என் தலையில். கெடு பிப்ரவரி பதினாறு.

இதற்கு, வடிவத்தை வலைக்கண்கள் போலச் சிறு துண்டுகளாக வெட்டும் 'வலை' மென்பொருள் வேண்டும். அதன் உரிமத்தைப் புது மேலாளர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சுருக்கமா'. எதைக் கொண்டுபோனாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். நானும் சொன்னேன்: "சார், கதவை முழுசா வெச்சுக் கணக்குப் போட முடியாது. லட்சக்கணக்கான சின்னத் துண்டா வெட்டி, நீராவி தள்ளறப்போ துண்டுக்குத் துண்டு எவ்வளவு ஸ்ட்ரெஸ் வருதுன்னு பார்க்கணும். அப்படி வெட்டித் தர்றதுக்குத்தான் அந்த சாஃப்ட்வேர்."

"வெட்டத்தானே? இலவசமாவே நிறையக் கிடைக்குதாமே. நல்லதா ஒண்ணைப் பிடிச்சுப் போட்டுக்கோங்க."

சந்தையில் கத்தி வாங்குகிற மாதிரி சொல்லிவிட்டார். நான் மூன்றைப் பிடித்துப் பார்த்தேன். முதலாவது பார்க்க லட்சணம். திறந்ததும் திரை கறுத்துவிடும். அதற்கு வேண்டிய வரைகலை அட்டை எங்கள் கணிப்பொறியில் இல்லை. இரண்டாவதற்குத் தொள்ளாயிரம் பக்கக் கையேடு. எழுதியவர் மனிதர்களோடு பேசிப் பழகாதவர். மூன்றாவது அழகாக வெட்டும்; கதவின் பூட்டுப் பள்ளத்துக்கு வந்ததும் உயிரை விடும். "பிழை" என்று ஒரு சொல். என்ன பிழை, யார் பிழை, எந்த மூலையில் பிழை? ஒன்றும் கிடையாது. இணையத்தில் தேடினால், ஆறு வருடம் முன்பு ஒரு புண்ணியவான் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். மறுநாள் கீழே அவனே எழுதியிருக்கிறான்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியாயிற்று என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

மிஞ்சியது, இணையத்தில் இலவசமாக விட்டிருக்கும் தங்களுடைய மென்பொருள். 'தங்களுடைய' என்று அடிக்கும்போது விரல் சற்று நிற்கிறது, இருக்கட்டும். எந்தப் பதிப்பை எடுப்பது, எதை முதலில் நிறுவுவது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மச்சான்


ஜனவரி 11

டேய் மச்சான்,

தாங்களாமே, தாங்கள்! ஆராய்ச்சி மாணவர்களாக மூன்று வருடம் ஒரே அறையில், ஒரே துண்டைக் காலையில் நீயும் மாலையில் நானும் கட்டியிருக்கிறோம். உன் தங்கச்சியைக் கட்டியதற்கு இப்படி ஒரு தண்டனையா? கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

சரி, வேலை. புதுப் பதிப்பைத் தொடாதே. அதற்கு முந்தியதை எடு. அதுதான் உங்கள் பழைய கணிப்பொறிக்கு ஒத்துவரும். இணைப்பில் மூன்று பொட்டலங்கள் இருக்கின்றன. முதலில் மற்ற இரண்டுக்கும் அடிப்படையான நூலகக் கோப்புகள், அடுத்தது வரைபடத்தைப் படிக்கும் பகுதி, வலைப் பகுதி கடைசியில். வரிசை மாறினால் ஒன்றும் சொல்லாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உன்னைப் போல.

கதவு முழுவதையும் முதல் நாளே வெட்ட உட்காராதே. ஒரு சாதாரணப் பெட்டியை வெட்டிப் பார். பிறகு பாதிக் கதவு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கதவைச் செய்தவனையே கதவுக்குச் சாட்சி சொல்ல வைக்கிறார்களே, உங்கள் ஆபீசில் யாரும் அதைக் கேட்கவில்லையா?

உன் மாப்பிள்ளை


ஜனவரி 20

மாப்பிள்ளை,

நீ என்றே எழுதுகிறேன். அதனால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கணக்குப் போடும் கணிப்பொறி இருக்கும் அறையில் இணைய இணைப்பு கிடையாது. எதை நிறுவுவதென்றாலும் கணிப்பொறிப் பிரிவுக்காரர் வந்து சாவி போட வேண்டும். அவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"தயாரிப்பாளர் யாரு சார்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"கம்பெனி பேரு கேட்டேன் சார்."

"கம்பெனி எல்லாம் இல்லை. அவர் ஒருத்தர்தான்."

"ஒருத்தரா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது?"

"என்னைத்தான். இருபது வருஷமா எல்லாத்துக்கும் என்னைத்தானே கேக்கறீங்க."

படிவம் மூன்று மேசை ஏறி இறங்க நான்கு நாள். நூலகக் கோப்பு ஒன்று எங்களிடம் இருந்த பழையதோடு மோதியது. பழையதை எடுத்தால் அச்சு இயந்திரம் நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. அச்சடிக்க முடியாத கணக்குப் பிரிவுக்காரர்கள் என்னைக் கேட்டார்கள், நான் யாரைக் கேட்பது? எல்லாம் முடிந்து ஓடியது. வலையும் வந்தது. அதை எங்கள் கணக்கு நிரலுக்குள் கொடுத்தால், கதவு பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: ஒவ்வொரு துண்டுக்கும் இருக்கும் பத்துப் புள்ளிகளில் கடைசி இரண்டை நீ ஒரு வரிசையில் எண்ணுகிறாய், எங்கள் நிரல் மறு வரிசையில் எண்ணுகிறது. அதைக் கையேட்டில் ஒரு வரி சொல்ல உனக்கு என்ன கேடு?

கையேடு என்றதும் அதையும் கேட்டுவிடுகிறேன். தேடிக்கொண்டே போனபோது முன்பக்கத்தைப் பார்த்தேன். "உருவாக்கியவர்" என்று ஒரே பெயர். கடைசியில் நன்றிப் பக்கம். பன்னிரண்டு பேரில் நான் எட்டாவது ஆள். எனக்கு முன்னால் சின்னம் வரைந்து கொடுத்தவர், பின்னால் எழுத்துப்பிழை பார்த்தவர். விளிம்பில் தொடங்கி உள்ளே நெய்துகொண்டு போகும் அந்த வெட்டு முறை யாருடையது மாப்பிள்ளை? இருபது வருடம் முன்பு அப்பா படுக்கையில் கிடந்த அந்த நான்கு மாதமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தவன் யார்? அவரைப் பார்த்துக்கொள்ள நான் இங்கேயே நின்றேன். நீ வெளிநாடு போனாய். அந்தச் சீட்டுகளும் உன் பெட்டியில் ஏறிப் போயின. இதை நான்கு வருடம் முன்பு நீ ஊருக்கு வந்தபோதே உன் முகத்துக்கு நேராகக் கேட்டிருப்பேன். தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள்.

இனி எண்கள். பெரிய துண்டுகளாக வெட்டினால் உள்மூலையில் ஸ்ட்ரெஸ் 118. எங்கள் கதவுக்கு 160 வரை அனுமதி. அப்பாடா என்று, ஒழுங்குக்காகப் பாதி அளவில் வெட்டினேன்: 149. மறுபடியும் பாதி: 203. இன்னொரு தடவை: 270. கதவு அதே கதவு, நீராவி அதே நீராவி. பொடியாக வெட்ட வெட்ட எண் ஏறிக்கொண்டே போகிறது. உன் மென்பொருள் அந்த மூலையில் கோணல்மாணலாக வெட்டித் தள்ளுகிறது என்று நினைக்கிறேன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன அறிக்கை எழுதுவது?

மச்சான்


ஜனவரி 22

மச்சான்,

முதலில் நீ கேட்டது. அந்த முறை உன்னுடையது.

வெளியிடும் முன் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் நீ பதில் போடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், உன் தங்கச்சியிடமும். மூன்று இல்லை, ஒன்றுதான். அதையும், நீ பதில் போடாமலிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். உன் அப்பா காரியம் முடிந்த வாரத்தில் போய்ச் சேரும்படி எழுதினேன். தனியாக ஒரு பெயர் மட்டும் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மேல் அலங்காரம் செய்ய ஒன்றும் இல்லை. உன் தங்கச்சி இன்று என்னோடு பேசவில்லை.

பத்துப் புள்ளி விஷயம் என் தப்பு. கையேட்டில் சேர்க்கிறேன்.

எண் ஏறுவதற்கு மென்பொருளைத் திட்டாதே. உள்மூலை கத்தி மாதிரி கூராக இருந்தால் அப்படித்தான் ஏறும், நீ எத்தனை பொடியாக வெட்டினாலும் எங்கும் நிற்காது. இது உனக்குத் தெரியாததா? நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஆனால் நிஜக் கதவில் எந்த மூலையும் அப்படி இருக்காது, உருட்டி விட்டிருப்பீர்கள். பட்டறையில் ரேடியஸ் என்பார்களே, அந்த வளைவு. அது இருந்தால் எண் ஓரிடத்தில் வந்து நிற்கும். உன் வலையில் அந்த வளைவு எங்கே போயிற்று? மென்பொருள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பதிவுக் கோப்பு எழுதும். அதை அனுப்பு. வரைபடத்தில் வளைவு எவ்வளவு என்றும் எழுது.

மாப்பிள்ளை


ஜனவரி 30

மாப்பிள்ளை,

நீ ஒப்புக்கொண்டதைப் பற்றி இப்போது எழுத முடியாது. நான்கு தடவை தொடங்கி அழித்தேன். வேலையைப் பேசுவோம்.

போன புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அளவெடுத்தேன். கிருமிநீக்க அறை நிலத்தடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரோரம் தள்ளுவண்டிகள், நனைந்த துணி வாடை, எங்கள் பெட்டி மூன்று. நடுப்பெட்டியின் கதவில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். வேலையிலிருந்து நிறுத்திய பெண்ணை அன்று வரச் சொல்லியிருந்தார்கள். என் வயது இருக்கும். கைகளில் முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள்.

அவளுடைய மேற்பார்வையாளர், "எப்படிச் சாத்துவீங்கன்னு சாருக்குச் செஞ்சு காட்டுங்க" என்றார்.

"அடிச்சுச் சாத்தினா பூட்டே விழாது சார்" என்றாள் அவள். "எகிறித் திரும்பி வந்துடும். மெதுவா ஒட்ட வெச்சு, இடுப்பால ஒரு தள்ளு. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, ஒம்பது வருஷம். அடிச்சுக்கிட்டா இருக்க முடியும்? எனக்குத் தோள் இருக்க வேணாமா?"

பக்கத்துப் பெட்டியின் கதவைச் சாத்திக் காட்டினாள். ஓசையே வரவில்லை. மேற்பார்வையாளர், "இன்னைக்கு நீங்க இருக்கீங்கன்னு மெதுவா சாத்தறாங்க" என்றார். "அப்போ நீங்க ஒரு தடவை அடிச்சுச் சாத்துங்களேன், பார்க்கலாம்" என்றாள் அவள். அவர் சாத்தவில்லை.

நான் அளவுகளைக் குறித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். இதெல்லாம் என் வேலையா மாப்பிள்ளை? என்னைக் கேட்டது கதவைப் பற்றி. வரைபடத்தை இணைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்: வளைவு எட்டு மில்லிமீட்டர். நீ கேட்ட பதிவுக் கோப்பும் இருக்கிறது. ஏறிக்கொண்டே போகும் எண்ணுக்கு அர்த்தமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். அர்த்தமில்லாததை விட்டுவிட்டு முதல் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 118. அனுமதிக்குள் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அறிக்கை எழுதுகிறார்கள். அவர்களுடைய கதவுகளும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. 'சுருக்கமா' தினமும் இரண்டு தடவை என் மேசைக்கு வந்து, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஒரு மூலைக்காக இருக்கும் நாற்காலியையும் இழக்க நான் தயாரில்லை.

மச்சான்


பிப்ரவரி 1

மச்சான்,

பதிவுக் கோப்பைப் படித்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது: "சிறு வளைவுகள் 2 நீக்கப்பட்டன." வெட்டுவது சுலபமாக வேண்டும் என்று மென்பொருள் தானாகச் செய்யும் காரியம் அது. நீ தடுக்காவிட்டால் சின்ன வளைவுகளை விழுங்கிவிட்டு மூலையைக் கூராக்கிவிடும். அதனால்தான் எண் ஏறியது. இதையும் கையேட்டில் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. திட்டிக்கொள்.

ஆனால் மச்சான், அது ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த வளைவுகளை மட்டும்தான் விழுங்கும். நீ அனுப்பிய வரைபடத்தில் எட்டு என்று இருக்கிறது. எட்டாக இருந்தால் தொட்டிருக்காது.

நீ கணிப்பொறியில் வரைந்த கதவில் வளைவு எவ்வளவு? ஆஸ்பத்திரியில் அளந்தபோது எவ்வளவு இருந்தது?

மாப்பிள்ளை


பிப்ரவரி 10

மச்சான்,

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். "அண்ணன் என்ன பண்ணிட்டிருக்கு?" என்று உன் தங்கச்சி கேட்கிறாள். எனக்குத் தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை, தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை.

உள்ளே நீராவி, வெளியே ஓர் ஆள், நடுவில் அந்தக் கதவு. இதே அச்சில் இன்னும் எத்தனை கதவு செய்து அனுப்பியிருக்கிறீர்கள்?

பதினாறாம் தேதி வரை வாயைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகும் திறக்காமல் இருப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. இது மிரட்டல் இல்லை என்று எழுதி, அழித்துவிட்டேன். மிரட்டல்தான்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 27

மாப்பிள்ளை,

உன் கடைசிக் கடிதத்தை அச்சடித்து, அதைக் கிழித்துப் போடுவதற்காகவே அச்சடித்து, நான்காகக் கிழித்தேன். என் பொருளை எடுத்துக்கொண்டு போனவன் எனக்கு நியாயம் சொல்கிறானே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. அது தனி.

மூன்று மில்லிமீட்டர். ஆஸ்பத்திரியில் அளந்தபோது மூன்று. பட்டறை அளவை வைத்து நான் கணிப்பொறியில் வரைந்ததும் மூன்று. வரைபடத்தில் நான் போட்டது எட்டு. பதினோரு வருடம் முன்பு, முதல் கதவு செய்தபோது, எட்டு வளைவில் பூட்டுத் தண்டு சரியாக உட்காரவில்லை. தண்டுகளை மொத்தமாக வார்த்து வைத்துவிட்டார்கள். பட்டறை மேஸ்திரி ஒரு மாற்றத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "மூணு வெச்சுக்கட்டுமா சார்? உக்காந்துடும்" என்றார். "வெச்சுக்கோங்க" என்றேன். 'பலத்துக்குப் பாதிப்பில்லை' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். எது எப்படிப் போனால் எனக்கென்ன என்று இருந்தேன். உண்மை அதுதான்.

நீ கேட்ட நாளிலிருந்து அந்தத் தாளைத் தேடவே எனக்குப் பயமாக இருந்தது. பதிமூன்றாம் தேதி தேடி எடுத்தேன். பிறகு உன் மென்பொருளில் விழுங்கும் வசதியை நிறுத்தினேன். நிறுத்தியதும் அது அந்த வளைவில் போய் ஐந்து தடவை செத்தது. மூலையைச் சுற்றி மட்டும் அரை மில்லிமீட்டருக்கு வெட்டும்படி தனியாக வேலி போட்டேன். ஆறாவது தடவை வெட்டியது. எண் 228. பொடியாக்கினேன், 236. இன்னும் பொடியாக்கினேன், 237. நின்றுவிட்டது. ஒரு எண் நிற்பதைப் பார்த்து இவ்வளவு வெறுப்பு எனக்கு வந்ததில்லை. ஒழுங்குக்காக எட்டையும் போட்டுப் பார்த்தேன். 151. என் வரைபடம் சரி. நான்தான் சரியில்லை.

கெடு நாளில் மேலாளர் அறைக்குள் போனேன்.

"சுருக்கமா சொல்லுங்க."

"கதவு தப்பு சார். மாத்தினது நான்."

"இவ்வளவு சுருக்கமா வேணாம்" என்றார். "அந்த முதல் எண் என்னாச்சு? நூத்திப் பதினெட்டு?"

"அது எண்ணே இல்லை சார்."

"போன வாரம் எண்ணாத்தானே இருந்துச்சு?"

"போன வாரம் நானும் அப்படித்தான் இருந்தேன்."

கத்தினார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "எத்தனை கதவு?" என்று மெதுவாகக் கேட்டார். நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் ஓட்டாமல் நிறுத்தச் சொல்லி அன்றே எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் தகவல் போயிற்று. அதில் ஒன்பது கதவுகளில் விரிசல் தொடங்கியிருந்ததாம். என் மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். அது முடியும் வரை கிடங்குக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பழைய மாற்றத் தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள். எனக்கு இதைவிட அவசியமான வேலை வேறு இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

இதோடு முடித்திருப்பேன். நேற்று அந்தப் பெண் ஆபீசுக்குப் போன் செய்தாள். அவளை இன்னும் வேலைக்கு எடுக்கவில்லையாம். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நிர்வாக அலுவலகத்துக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் அறிக்கையின் நகல். எங்கிருந்தோ கேட்டு வாங்கியிருக்கிறாள். ஐம்பத்தெட்டுப் பக்கம்.

"பொண்ணை வெச்சு முழுசா படிச்சுப் பார்த்தேன் சார். கதவு சரியில்லைன்னு போட்டிருக்கு, சரி. நான் அடிச்சுச் சாத்தலைன்னு இதுல எங்க சார் இருக்கு? 'கதவும் தப்பு, நீயும் அடிச்சிருப்பே'ங்கறாங்க."

வாங்கிப் புரட்டினேன். எத்தனை லட்சம் துண்டு, எந்த அளவில் வெட்டியது, வளைவு எவ்வளவு, எண் எங்கே நின்றது, எல்லாம் இருந்தது. படங்கள் வண்ணத்தில் இருந்தன. அவள் எங்கும் இல்லை. நான் எழுதிய அறிக்கையில் அந்தக் கதவு தானாகவே ஒன்பது வருடம் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இடம் இருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன்: "இந்தக் கதவை அடித்துச் சாத்தினால் பூட்டு விழாது. சாத்திய விதத்துக்கும் விரிசலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இயக்கியவர் மீது தவறில்லை." கையெழுத்துப் போட்டு, கதவை வடிவமைத்தவன் என்று அடியில் குறித்துக் கொடுத்தேன். அவள் உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தாள். எழுந்து உள்ளே போனாள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை உனக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் புள்ளி விஷயத்தில் உன் மேல் வந்த ஆத்திரம்கூட இவ்வளவு இல்லை. அவள் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது, சுவர்க் கடிகாரத்தின் மேல் ஆத்திரமாக வருகிறது.

இப்போதுதான் வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்களாம். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அறிக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரெண்டு மாசம் ஆச்சு சார், இந்த மூணு வரிக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

'அந்த முறை உன்னுடையது' என்ற உன் ஒரு வரிக்கு இருபது வருடம் ஆயிற்று, மாப்பிள்ளை. அது போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. விடுமுறைக்கு வருவதாகத் தங்கச்சி சொன்னாள். ஓட்டலில் அறை போட வேண்டாம்.

மச்சான்